நீச்சல்: தெரியும்

ராயபுரம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிராங்கிளின் எழுதுறது. சர்வேசுரன் புண்ணியத்துல நானும் ஜானட்டும் சொகமா கீறோம். உன் முட்டி வலி எப்படிக் கீது? முழங்கால்லயே நின்னா அது இன்னா பண்ணும், மடத்துத் தலைவி அம்மாகிட்ட கேட்டு ஒரு சின்ன மெத்தையாவது போட்டுக்கோ. ஊரே போன்ல பேசிக்கினு கீது, நான் மட்டும் போஸ்டாபீஸ்ல கவர் வாங்கிக்கினு கீறேன். யாருக்குப்பான்னு கவுண்டர்ல அந்தம்மா கேட்டுச்சி. எங்க அக்காவுக்கு, அடைப்பு மடத்துல கீது, வெளிய வராது, போன் பேசாதுன்னேன். ஜெயிலான்னு கேட்டுச்சி.

விஷயம் இன்னான்னா, வேலை கெடச்சிடுச்சி. ஹார்பர் வேலை போனதுலேர்ந்து ஒரு வருஷமா வூட்ல சும்மா குந்திக்கினு இருந்தேனே, அது முடிஞ்சிது. எண்ணூர்ல ஷாகுல் ஹமீது பாய்னு ஒருத்தர், தண்ணிக்குள்ள செய்யற வேலைங்கள காண்ட்ராக்ட் எடுக்குறார். கடல்தண்ணி இழுக்குற ஆலைங்க வாயில கம்பி வலை இருக்கும். சிப்பியும் சொறிமீனும் வந்து அத அடைச்சிக்கும். ஆளு கீழ போய் சொரண்டணும். அதுக்கு முன்னால ஸ்கூபா கோர்ஸ் முடிச்சி கார்டு வாங்கணும். செலவு பாயோடது.

ஃபாரத்த பாயே எழுதினார். பேரு, வயசு முப்பத்தி மூணு, அப்பா தொழில் மீன்பிடி. அடுத்த கட்டத்துல நீச்சல்னு போட்டிருந்திச்சி. அவர் என்னை நிமிந்துகூட பாக்கல. ‘தெரியும்’னு எழுதிட்டு அடுத்த கட்டத்துக்குப் பூட்டார். காசிமேட்டுக்காரன் புள்ளையாண்ட அத எவன் கேப்பான்? நான் வாயத் தொறக்கல. உனக்குத் தெரியும், இடுப்புக்கு மேல தண்ணி வந்தா எனக்கு மூச்சி நின்னுடும். கட்டின பொண்டாட்டி ஜானட்டுக்குக்கூட இது தெரியாது.

ஆனா பாருக்கா, போன வாரம் பூல்ல எறக்கிக் காட்டினாங்க. கத்துக்குடுக்கறது ஜஸீமா மேடம், ஒல்லியா ஒரு பொண்ணு. முதுகுல சிலிண்டர், வாயில குழாய், என் கையப் புடிச்சி கீழ கூட்டினு போச்சி. முழுகறதுக்கு இன்னாத்துக்கு நீச்சல்? எனக்கு முழுகத்தான் நல்லா வருமே. கீழ போனா ஒரே அமைதி, பயம்னு ஒண்ணு இருந்துச்சான்னே தெரியல. மேல வந்ததும் நீங்க தண்ணியிலயே பொறந்தவர்னு மேடம் சொல்லிச்சி. எனக்கு வெக்கமா பூடுச்சி. ஜெபத்துல என்னை நெனச்சிக்கோ.

உன் தம்பி
பிராங்கிளின்

*

சேசு மரி சூசை துணை
கொடைரோடு
2 செப்டம்பர் 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு நன்றி சொன்னேன். முட்டி அப்படியேதான் இருக்கிறது, எனக்கும் அதற்கும் பழகிவிட்டது. ஜெயில் கதையைத் தலைவி அம்மாவிடம் சொன்னேன், சாப்பாட்டு நேரத்தில் பேசக்கூடாது என்ற விதியை அவரே மீறிச் சிரித்தார். ஜானட்டை விசாரித்ததாகச் சொல்.

வேலை கிடைத்தது சந்தோஷம். ஆனால் தண்ணீருக்குள் இறங்குகிற வேலையா உனக்கு? வேறு வேலையே இல்லையா ராயபுரத்தில்? உன் வலது காதில் ஓட்டை இருப்பதாகச் சின்ன வயதில் டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா? காதைக் காரணம் சொல்லிக் கரையிலேயே ஒரு வேலை கேள். நீச்சல் விஷயத்தை உடைத்துச் சொல்ல வெட்கமாக இருந்தால் காதைச் சொல், போதும். எப்படியாவது இறங்காமல் இருந்துகொள்.

தினமும் உனக்காக வேண்டுகிற
சிஸ்டர் அடைக்கலமேரி

*

ராயபுரம்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்க ஜானட்டுக்கு சளி, மத்தபடி சொகம். அங்க மழை உண்டா?

நீ சொன்ன மாதிரியே ஆச்சி. அன்னிக்கி பூல்ல நான் எறங்கினது ஒருநாள் கூத்தாம். அதுக்கு நீச்சல் வேணாம், மேடம் கையப் புடிச்சிக்கினா போதும். கார்டு வேணும்னா இருநூறு மீட்டர் நிக்காம நீந்திக் காட்டணும். எந்த தினுசா நீந்தினாலும் சரி, ஆனா நிக்கக் கூடாது. அப்பறம் எதையும் புடிக்காம பத்து நிமிஷம் மெதக்கணும். முழுகத்தானே போறோம், இன்னாத்துக்கு இதெல்லாம்னு சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். கீழ இருக்கறவரைக்கும் சிலிண்டர் காப்பாத்தும், மேல வந்தா உங்கள நீங்கதான் காப்பாத்திக்கணும், பக்கத்துல கீறவரையும் நீங்கதான் பாத்துக்கணும்னு சொல்லிச்சி.

டெஸ்ட்டு எப்போ வச்சிக்கலாம்னு மேடம் கேட்டதும் காதப் புடிச்சிக்கினேன். ஓட்டை கீது மேடம்னேன். அப்போ காது டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கினு வாங்க, அதுவரைக்கும் டெஸ்ட்டு இல்லன்னுச்சி. தப்பிச்சேன்.

பாய் நல்ல மனுசன். வேலைய வுட்டு எடுக்கல. அதுவரைக்கும் நெல்சன் கூட போட்டுல போன்னுட்டார். நெல்சன் முகத்துவாரக்குப்பத்து ஆளு, பன்னெண்டு வருஷமா முக்குளிக்கிறான். அவன் கீழ போவான், நான் போட்டுல குந்திக்கினு கவுற புடிச்சிக்கணும். மேல ஒரு நீச்சக்காரன் இருக்கணும்கிறது ரூல். அந்த நீச்சக்காரன் நான்தான். என்னை மாமு மாமுன்னு கூப்டுவான், அவன் சம்சாரம் ஜூடி எனக்கும் சேத்து சோறு கட்டிக் குடுக்குது. நல்ல எடத்துல மாட்டிக்கினேன்.

உன் தம்பி
பிராங்கிளின்

*

சே. ம. சூ.
கொடைரோடு
6 அக்டோபர் 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

இங்கே நல்ல மழை. நாளை ஜெபமாலை மாதா திருநாள், பூ கட்டுவதும் பூசைக்கான அப்பம் சுடுவதுமாகக் கை ஓயவில்லை. ஜானட்டுக்குச் சளி விட்டதா?

நீ இறங்கவில்லை என்று படித்ததும் என் நெஞ்சுப் பாரம் இறங்கிற்று. போட்டில் உட்கார்ந்து கயிறு பிடிப்பது நல்ல வேலைதான், யாருக்கும் கெடுதல் இல்லை. அப்படியே இரு. நெல்சன் குடும்பத்தையும் என் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

உன் அக்கா
சிஸ்டர் அடைக்கலமேரி

*

ராயபுரம்
3 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நேத்து கல்லறைத் திருநாள். அம்மா அப்பா கல்லறைக்கு வெள்ளையடிச்சி மெழுகுவத்தி வச்சோம். நீ எப்படிக் கீறே? எழுத நாளாச்சி, கோச்சிக்காத.

போன மாசம் பதினெட்டாந்தேதி நெல்சன் சாவப் பாத்தான். வேலை முடிச்சி மேல வந்து சிலிண்டர அவுத்து எங்கிட்ட குடுத்தான். கவுறையும் அவுத்துட்டான். அப்போ கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சி. முகத்துவாரத்துல தண்ணி வெளிய இழுக்கற நேரம், பாத்துக்கினு இருக்கும்போதே இருபதடி தள்ளிப் பூட்டான். போட்டு நங்கூரத்துல நிக்குது, போட்டுல நான் ஒருத்தன்தான். மாமு குதிடான்னு கூப்டான். ரெண்டு தடவ கூப்டான். நான் கவுற வீசினேன், அது பத்தலை. அந்தப் பக்கம் நண்டு வலைக்காரங்க ஒரு ஃபைபர் போட்டுல இருந்தாங்க. அவங்க வந்து தூக்குனாங்க. நெஞ்சுல தண்ணி பூந்துடுச்சி. மூணு நாள் ஆஸ்பத்திரி.

ஏன் குதிக்கலன்னு பாய் கேட்டார். காதுன்னேன். காதுல ஓட்டை கீது பாய், தண்ணி போனா மயக்கம் வரும், ரெண்டு பேரும் பூட்டிருப்போம்னேன். நெல்சன் கட்டில்ல படுத்துக்கினே, காது சரியில்லாதவன் இன்னா பண்ணுவான் பாய், அவன வுடுங்கன்னான். ஜூடி என் கையப் புடிச்சி அழுதுச்சி, நீயாவது பக்கத்துல இருந்தியே அண்ணான்னு. அந்தக் கைய நான் எங்க வச்சிக்கறது சொல்லு.

நேத்து சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன், நீச்சல் தெரியும்னு பொய் சொல்லி வேலைல கீறேன்னு. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொல்லிட்டேன். அப்பவும் சோறு எறங்கல.

தம்பி

*

சே. ம. சூ.
கொடைரோடு
15 நவம்பர் 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

கல்லறைக்கு வெள்ளையடித்ததற்கு நன்றி. நெல்சன் பிழைத்தாரே, தேவனுக்குத் தோத்திரம். நாங்கள் பன்னிரண்டு பேரும் அவருக்காக நவநாள் ஜெபம் தொடங்கிவிட்டோம்.

சங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாய் அல்லவா, அத்தோடு அது தீர்ந்தது. சாமியார் மன்னித்தால் மன்னித்ததுதான். இனி அதைத் தோண்டாதே. சாப்பிடு.

உன் அக்கா
சிஸ்டர் அடைக்கலமேரி

*

ராயபுரம்
24 நவம்பர் 2024

அக்காவுக்கு,

சொகமா கீறியா? நான் ஒரு மாதிரி கீறேன்.

நெல்சனுக்கு இந்த விஷயம் மனசுல தச்சிடுச்சி போலக் கீது. எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் மொத வேலையா, மாமு உன் காத சரி பண்ணலாம்னு சொல்லி அவனே என்னை காது டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனான். அவன வெளிய குந்த வச்சிட்டு நான் உள்ள போனேன். டாக்டர் லைட்டு அடிச்சிப் பாத்தார், மிஷின்ல வச்சிப் பாத்தார். ரெண்டு காதும் கல்லு மாதிரி கீது, உனக்கு யார் சொன்னது ஓட்டைன்னு கேட்டார். சின்ன வயசுல இருந்து ஆறியிருக்குமான்னு கேட்டேன். தழும்பே இல்லப்பா, எப்பவுமே இருந்ததில்லன்னார்.

வெளிய வந்து நெல்சன்ட்ட, ஆபரேஷன் பண்ணாலும் தேறாதாம்னு சொல்லிட்டேன். அவன் என் தோள்ல கை போட்டுக்கினான். தூ, நானெல்லாம் ஒரு மனுசனாக்கா?

என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனது நீதான். எந்த டாக்டர் சொன்னார்? இன்னா சொன்னார்? அடுத்த ஞாயித்துக்கெழம திருவருகைக் காலம் வந்துடும், உங்க மடத்துல கிறிஸ்துமஸ் வரைக்கும் லெட்டர் எழுதக்கூடாது. அதுக்கு முன்னால ஒரு வரி எழுது.

பிராங்கிளின்

*

சே. ம. சூ.
கொடைரோடு
29 நவம்பர் 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

நலம். ஜானட்டுக்கு என் அன்பு. கிறிஸ்துமஸுக்கு ஐந்து பங்குக் கோயில்களுக்கு அப்பம் கேட்டிருக்கிறார்கள், அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. சிஸ்டர் ஷெர்லினுக்கு விஷக்காய்ச்சல், அவர் பங்கு வேலையும் என் தலையில். இங்கே பனி அதிகம். நீயும் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்.

ஞாயிறு முதல் எழுத முடியாது. ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

சிஸ்டர் அடைக்கலமேரி

*

ராயபுரம்
26 டிசம்பர் 2024

அக்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நீ சொகமா இருப்பேன்னு நெனைக்கறேன். அப்பம், பனி, துண்டு எல்லாம் எழுதினே. நான் கேட்டது காது.

பிராங்கிளின்

*

சே. ம. சூ.
கொடைரோடு
8 ஜனவரி 2025

பிராங்கி,

இத மடத்துத் தமிழ்ல எழுத எனக்கு வரல. நாலு தடவ எழுதிக் கிழிச்சேன். நம்ம வூட்டுப் பேச்சுலயே எழுதறேன்.

உன் காதுல ஓட்டை கெடையாதுடா. எந்த டாக்டரும் சொல்லல. நான்தான் சொன்னேன்.

நம்ம ஜெரி அண்ணன் நீச்சல் கத்துக்கினப்போ நீ பொறக்கவேயில்ல. கோயில்ல அவனுக்கு மொத நற்கருணை, புது நன்மை குடுத்த மறு ஞாயித்துக்கெழம அப்பா அவன் இடுப்புல கவுறு கட்டி, கல்லு கொட்டின எடத்துக்கு அந்தாண்ட கடல்ல தூக்கிப் போட்டாரு. நம்ம ஆளுங்க அப்படித்தானே புள்ளைங்களுக்குக் கத்துக்குடுப்பாங்க. மூணே வாரத்துல அண்ணன் மீன் கணக்கா நீந்தினான். நீந்தினதால கடலுக்குப் போனான். இருபது வயசுல போனவன் வரல, பொணம்கூட கரை ஒதுங்கல. நம்ம அம்மாவும் அந்த ஏக்கத்துலயே போச்சி.

மறு வருஷம் உன் புது நன்மை. வெள்ள சட்டைக்கு அளவு குடுத்துட்டு வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிது, மறு ஞாயித்துக்கெழம அப்பா உன்னையும் தூக்கிப் போடுவாரு. நீச்சல் தெரிஞ்சா நீயும் போவே. தெரியலன்னா கரையிலயே கெடப்பே. எனக்கு நீ கரையில கெடந்தா போதும்னு இருந்திச்சி. பதினெட்டு வயசு எனக்கு, அவ்வளவுதான் புத்தி. அந்த ஞாயித்துக்கெழம காலைல நீ எழுந்திருக்கறதுக்குள்ள பஞ்சு எடுத்து சோத்துக் கஞ்சியிலயும் மஞ்சத்தூள்லயும் தொட்டு உன் காதுல வச்சேன். சீழ் வடியுதுன்னு அப்பாகிட்ட காட்டினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லி உன்னை கோயில்ல குந்த வச்சி, பன்னு வாங்கிக் குடுத்து இட்டுனு வந்தேன். தண்ணியில வுடவே கூடாதாம்னேன். அப்பா நம்பிட்டாரு. பசங்க உன்னை பஞ்சுகாதுன்னு கூப்டாங்க, அப்பா கரையில தலைய நிமித்தாம நடந்தாரு. ரெண்டு பேரையும் பாத்துக்கினு நான் சும்மா இருந்தேன். மூணு வருஷம் வாராவாரம் பஞ்ச மாத்தினேன். அப்பால மடத்துக்கு வந்துட்டேன்.

எத்தன சாமியார்ட்ட இத சங்கீர்த்தனம் பண்ணியிருக்கேன் தெரியுமா? எல்லாரும் மன்னிச்சிட்டாங்க. மன்னிப்ப வாங்கிக்கினு போய் நான் பாட்டுக்கு ஜெபம் பண்ணேன். உன்கிட்ட மட்டும் சொல்லல. சாமியாருக்கு இன்னா, அவரா தண்ணியப் பாத்து நடுங்கினார்? போன செப்டம்பர்லகூட காதச் சொல்லித் தப்பிச்சிக்கோன்னு எழுதினேன் பாரு, கைகூசாம எழுதினேன். நெல்சன் விஷயத்துல தீர்ந்துச்சின்னு எழுதினேன், அது எனக்கு நானே சொல்லிக்கினது. தீரலடா. நெல்சன் வூட்டுக்குப் போ. காது பொய்னு சொல்லு. என் பேரையும் சொல்லு.

மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரல.

அடைக்கலமேரி

*

ராயபுரம்
23 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

உடம்ப பாத்துக்கோ. ஒன்றரை மாசமா எழுதல. கோவம்தான், இல்லன்னு சொல்லமாட்டேன். அப்பா தலை குனிஞ்சி நடந்ததப் படிச்சிட்டு ஒரு நாள் பூரா பீச்சாண்ட குந்திக்கினு இருந்தேன். அவர் சாகற வரைக்கும் நான் அவருக்கு பேஜாரு புடிச்ச புள்ளையாவே இருந்துட்டேனேக்கா.

ஜானட்டுக்குச் சொன்னேன். பாய்கிட்ட சொன்னேன். அவர், நான் உன்னைக் கேட்டிருக்கணும், என் தப்பும் கீதுன்னார். ஆனா இனிமே போட்டுல ஏறாத, ஷெட்ல சிலிண்டருக்கு காத்து புடி, நீச்சல் கத்துக்கினு வந்தா பாக்கலாம்னார். மாநகராட்சி நீச்சல் குளத்துல சேந்துட்டேன். எட்டு வயசு புள்ளைங்களோட கம்பியப் புடிச்சிக்கினு காலை ஒதைக்கறேன். கேட்டாண்ட தெரிஞ்சவன் எவனாவது வந்தா தண்ணிக்குள்ள தலைய வச்சிக்கறேன்.

போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி முகத்துவாரக்குப்பம் போனேன். நெல்சனுக்கு இன்னும் பத்து நட நடந்தா மூச்சி வாங்குது, வேலைக்குத் திரும்பல. ஜூடி டீ கொண்டாந்து வச்சிது. எல்லாத்தையும் சொன்னேன். காது பொய், டாக்டர் சொன்னத மாத்திச் சொன்னது பொய், ஃபாரம் பொய், உன் பஞ்சு, எல்லாம். எனக்கு நீச்சல் தெரியாது நெல்சன், அதனாலதான் குதிக்கலன்னேன். ஜூடி உள்ள பூடுச்சி. அவன் தரையவே பாத்துக்கினு இருந்தான். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

“நீச்சல் தெரியல, சரி. வாய் இருந்திச்சே. நீ ஏன் கத்தல?”

எழுந்து வந்துட்டேன். வூட்டுக்குப் போய் தலைய வலிக்குதுன்னு படுத்துக்கினேன். அந்தப் பதில உனக்குத்தான் இப்போ சொல்றேன்.

நண்டு வலைக்காரங்க கூப்டற தூரத்துலதான் இருந்தாங்கக்கா. முதுகு காட்டிக்கினு வலையப் பிரிச்சிக்கினு இருந்தாங்க. ஒரு சத்தம் போட்டிருந்தா போதும். அவங்க காசிமேட்டு ஆளுங்க, அப்பாவத் தெரியும். வந்தவொடனே நீ ஏன்டா குதிக்கலன்னு கேப்பாங்க. நம்ம அப்பா புள்ள பஞ்சுகாது இன்னிக்கும் நீந்தத் தெரியாமத்தான் கீறானாம்னு கரை பூரா மறுபடியும் பேசுவாங்க. அந்த ஒரு கேள்விக்கு பயந்துகினு, அவன் தண்ணி குடிக்கறதப் பாத்துக்கினே, நான் கவுற இழுத்து சுருட்டி மறுபடியும் வீசினேன். எட்டாதுன்னு தெரிஞ்சே வீசினேன். அவங்க தற்செயலா திரும்பிப் பாத்தாங்க, அதனால நெல்சன் உயிரோட கீறான். இத சாமியார்ட்டயும் சொல்லல. உனக்கும் நவம்பர் லெட்டர்ல எழுதல. காதுல பஞ்சு வச்சது நீ. வாயில வச்சிக்கினது நான்.

தம்பி
பிராங்கிளின்

*

சே. ம. சூ.
கொடைரோடு
4 மார்ச் 2025

பிராங்கி,

சாப்பிடறியா, தூங்கறியா? நாளைக்கு விபூதி புதன். ஈஸ்டர் வரைக்கும் இங்கேர்ந்து லெட்டர் வராது, அதனால சுருக்கமா எழுதறேன்.

உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். தீர்ந்துச்சின்னு ஒரு தடவ எழுதி உன்னைக் கெடுத்தது போதும். எனக்கு எழுதினியே, அத அப்படியே போய் நெல்சன்ட்ட சொல்லு. ஜூடியும் கேக்கணும். கதவ சாத்தினா வெளிய நின்னு சொல்லு. அவங்க மன்னிக்கலன்னாலும் அது அவங்க இஷ்டம், நாம கேக்க முடியாது.

அப்பால ஒண்ணு. நீச்சல் குளத்துல கம்பிய வுட்டுட்டு ஆழத்துக்குப் போவே. ஒரு நாள் கால் எட்டாது, தண்ணி மூக்குல ஏறும். சுத்தி எட்டு வயசுப் புள்ளைங்க இருக்கும், கேட்டாண்ட தெரிஞ்சவன் நிப்பான். அப்போ கத்துடா. எவன் சிரிச்சாலும் பரவால்ல, நல்லா வாயத் தொறந்து கத்து.

உன் அக்கா
அடைக்கலமேரி